பிளாக் அளவும் வட்டு ஒதுக்கீடும்: இடம் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

ஒரே ஒரு பைட் கொண்ட கோப்பு வட்டில் 4096 பைட் இடத்தைப் பிடிக்கிறது. 10 ஜிபி நீளமுள்ள இன்னொரு கோப்பு அநேகமாக இடமே பிடிக்காமல் இருக்கிறது. வட்டில் பாதி காலியாக இருக்கும்போதே 'இடம் இல்லை' என்று கணினி கைவிரிக்கிறது. மூன்றும் பழுதல்ல. கோப்பின் நீளம் ஓர் எண், அதற்கு ஒதுக்கப்பட்ட இடம் வேறோர் எண் என்பதைப் பிடித்துக்கொண்டால் மூன்றும் விளங்கிவிடும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களோடு உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று தெரிந்தது. கட்டளைகளை எல்லோரும் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். திரையில் வந்த எண் எந்த அலகில் இருக்கிறது என்று பார்க்காமல் பெருக்கிவிடும்போதுதான் தடுமாறுகிறார்கள். அதனால் இங்கே படிகளின் வரிசை முக்கியம். கடைசிப் படியான ஃபார்மேட் செய்வதை முதலில் செய்துவிட்டால், பிறகு பிளாக் அளவை மாற்ற வழியில்லை. தரவை எல்லாம் வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

## தொடங்கும் முன் தேவையானவை

லினக்ஸ் கணினி ஒன்று, அதில் நிர்வாகி அனுமதி, சோதனைக்கென ஒரு காலி அடைவு: இவை போதும். விண்டோஸ், மேக் பயனர்களுக்கான வழிகளையும் உரிய இடங்களில் சொல்கிறேன். ஃபார்மேட் படிக்குப் போவதாக இருந்தால் முழு பேக்கப் ஒன்றும், அந்த பேக்கப்பிலிருந்து சில கோப்புகளையாவது திறந்து பார்த்த உறுதியும் கட்டாயம் வேண்டும்.

கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் தருகிறேன்; தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இடுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் அப்படியே குறிப்பிடுகிறேன். கேபி, எம்பி, ஜிபி என்று நான் எழுதுவது 1024இன் மடங்குகளை. 1000இன் மடங்காக இருந்தால் தனியாகச் சொல்வேன்.

## 1. மூன்று அளவுகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

'பிளாக்' என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு அளவுகள் உலவுகின்றன. முதல் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

முதலாவது, வட்டின் செக்டர். நெடுங்காலமாக இது 512 பைட். இன்றைய வட்டுகள் பெரும்பாலும் உள்ளே 4096 பைட் செக்டர்களை வைத்துக்கொண்டு, பழைய மென்பொருள்களுக்காக வெளியே 512 என்று காட்டுகின்றன. அதனால்தான் ஒரே வட்டுக்கு 'தருக்கச் செக்டர்' ஒன்றும் 'இயற்பியல் செக்டர்' ஒன்றும் இருக்கின்றன.

இரண்டாவது, கோப்பு முறைமையின் (வட்டில் கோப்புகளை அடுக்கிக் கணக்கு வைக்கும் அமைப்பின்) பிளாக். ஒரு கோப்புக்கு இடம் ஒதுக்கும்போது கோப்பு முறைமை தரக்கூடிய மிகச் சிறிய துண்டு இது. விண்டோஸ் உலகில் இதற்குக் கிளஸ்டர் அல்லது ஒதுக்கீட்டு அலகு என்று பெயர். இந்த வழிகாட்டியில் 'பிளாக்' என்றால் இதுதான்.

மூன்றாவது, கட்டளைகள் கணக்குச் சொல்லப் பயன்படுத்தும் அலகு. இதற்கும் வட்டின் உண்மையான அமைப்புக்கும் தொடர்பில்லை. கோப்பின் விவரங்களைக் காட்டும் ஸ்டாட் கட்டளை 512 பைட் அலகிலும், கோப்புகளும் அடைவுகளும் பிடிக்கும் இடத்தைக் கூட்டிச் சொல்லும் டியூ கட்டளையின் லினக்ஸ் வடிவமான குனூ டியூ 1024 பைட் அலகிலும், மேக்கில் வரும் டியூ 512 பைட் அலகிலும் எண்ணுகின்றன. ஒரே கோப்புக்கு இரண்டு கணினிகள் இரண்டு எண்கள் தந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

## 2. ஒரே ஒரு கோப்பைக் கொண்டு கண்ணால் பாருங்கள்

முழு வட்டையும் ஆராய்வதற்கு முன் ஒரு கோப்பை ஆராயுங்கள். ஒரு கோப்பில் கணக்கு சரியாக வந்தால்தான் பத்து லட்சம் கோப்புகளில் சரியாக வரும்.

சோதனை அடைவில் ஒரே ஒரு பைட் கொண்ட கோப்பை உருவாக்குங்கள். பிறகு சின்க் கட்டளையை ஒருமுறை இயக்குங்கள். சில கோப்பு முறைமைகள் எழுதியதை உடனே வட்டில் வைப்பதில்லை. இசட்எஃப்எஸ் போன்றவற்றில் சில நொடிகளுக்கு ஒதுக்கீட்டு எண் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். சின்க் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

இப்போது ஸ்டாட் கட்டளையை அந்தக் கோப்பின் மேல் இயக்குங்கள். லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமைகளில் ஒன்றான இஎக்ஸ்டி4இல் நீளம் 1 என்றும், பிளாக் எண்ணிக்கை 8 என்றும், ஐஓ பிளாக் 4096 என்றும் வரும். எட்டையும் 4096ஐயும் பெருக்கி 32 கேபி என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த எட்டு, 512 பைட் அலகில் எண்ணியது. 8 பெருக்கல் 512, அதாவது 4096 பைட்; ஒரே ஒரு பிளாக். பக்கத்தில் இருக்கும் ஐஓ பிளாக் என்பது, படிக்கவும் எழுதவும் எந்த அளவுத் துண்டு வசதி என்று கோப்பு முறைமை சொல்லும் பரிந்துரை மட்டுமே. அதைப் பெருக்கலுக்கு எடுக்கவே கூடாது.

அடுத்து, அதே கோப்பை 4096 பைட் ஆகும்வரை நீட்டிப் பாருங்கள். எண்ணிக்கை எட்டிலேயே நிற்கும். இன்னும் ஒரு பைட் சேர்த்ததும் பதினாறு ஆகிவிடும். ஒரு பைட்டுக்காக இன்னொரு முழு பிளாக். ஒதுக்கீட்டின் அடிப்படை விதி இவ்வளவுதான்: கோப்பின் நீளத்தை பிளாக் அளவின் அடுத்த முழு மடங்குக்கு உயர்த்துங்கள். 10,000 பைட் கோப்புக்கு 4096இல் மூன்று பிளாக், அதாவது 12,288 பைட். மிச்சமுள்ள 2,288 பைட்டை வேறு எந்தக் கோப்பும் பயன்படுத்த முடியாது.

விதிவிலக்குகளும் உண்டு. காலிக் கோப்பு பிளாக் எதையும் பிடிப்பதில்லை. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறைமை சில நூறு பைட்டுக்குள் அடங்கும் கோப்பைத் தன் தலைமை அட்டவணைப் பதிவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அப்போது பண்புகள் சாளரத்தில் 'வட்டில் பிடிக்கும் அளவு' பூஜ்யம் என்று வரக்கூடும். பிடிஆர்எஃப்எஸ் முறைமையும் சிறு கோப்புகளை இப்படி உள்ளடக்கிக்கொள்கிறது.

## 3. உங்கள் வட்டில் இப்போது என்ன அளவு இருக்கிறது?

ஊகிக்க வேண்டாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இஎக்ஸ்டி4 என்றால் டியூன்2எஃப்எஸ் கட்டளையைச் சிறிய எல் விருப்பத்துடன் இயக்குங்கள். பிளாக் அளவு, ஐநோட் (ஒவ்வொரு கோப்புக்கும் உள்ள விவரப் பதிவு) எண்ணிக்கை, ஒதுக்கிவைத்த பிளாக்குகள் ஆகிய மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் பின்னால் தேவைப்படும். எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ்_இன்ஃபோ. விண்டோஸில் நிர்வாகி உரிமையுடன் எஃப்எஸ்யூடில் கட்டளை, அதன்பின் எஃப்எஸ்இன்ஃபோ, என்டிஎஃப்எஸ்இன்ஃபோ என்ற சொற்கள், கடைசியில் டிரைவ் எழுத்து. அதில் 'ஒரு கிளஸ்டருக்கு இத்தனை பைட்' என்று வரும் வரிதான் நமக்கு வேண்டியது. மேக்கில் டிஸ்க்யூடில் இன்ஃபோ.

செக்டர் அளவுகளுக்கு எல்எஸ்பிஎல்கே கட்டளையைச் சிறிய டி விருப்பத்துடன் இயக்கினால் தருக்கச் செக்டர், இயற்பியல் செக்டர் இரண்டும் பக்கம் பக்கமாக வரும்.

வழக்கமாக நீங்கள் காணப்போகும் எண்கள்: இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், மேக்கின் ஏபிஎஃப்எஸ் ஆகியவற்றில் 4096. என்டிஎஃப்எஸ்ஸில் 16 டெராபைட் வரையுள்ள பகுதிக்கு 4096. அதற்கு மேல் இரட்டித்துக்கொண்டே போகும். வெளி வட்டுகளில் அதிகம் காணப்படும் எக்ஸ்ஃபேட்டில் 256 எம்பிக்கு மேல் 32 ஜிபி வரை 32 கேபி, அதற்கு மேல் 128 கேபி. இந்தக் கடைசி எண்ணை மனத்தில் வையுங்கள். அடுத்த படியில் அதுதான் பெரிய வேறுபாட்டைக் காட்டும்.

## 4. வீணாகும் இடத்தைக் கணக்கிடுங்கள்

பிளாக் அளவைப் பற்றிய வாதங்கள் பெரும்பாலும் எண்ணே இல்லாமல் நடக்கின்றன. உங்கள் கோப்புகளுக்கு எவ்வளவு வீணாகிறது என்று அளந்துவிட்டால் வாதத்துக்கு வேலையில்லை.

முதலில் ஒரு மாதிரிக் கணக்கு. தலா 500 பைட்டுள்ள ஒரு லட்சம் கோப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உண்மையான தரவு 5 கோடி பைட், சுமார் 48 எம்பி. பிளாக் 1024 என்றால் இவை பிடிக்கும் இடம் சுமார் 98 எம்பி. 4096 என்றால் சுமார் 391 எம்பி. 64 கேபி என்றால் 6.1 ஜிபி. 128 கேபி கிளஸ்டருள்ள எக்ஸ்ஃபேட் வட்டில் 12.2 ஜிபி. கணினியில் 391 எம்பி என்று காட்டிய அடைவு வெளி வட்டுக்குப் போனதும் 12 ஜிபி ஆகிவிட்டதே, நகலெடுக்கும்போது ஏதோ கெட்டுவிட்டதோ என்று பதறுபவர்களுக்கு இதுவே விடை. எதுவும் கெடவில்லை. ஒவ்வொரு கோப்புக்கும் 128 கேபி ஒதுக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

பெரிய கோப்புகளில் நிலைமை வேறு. கோப்பு பல பிளாக்குகளைத் தாண்டினால் கடைசி பிளாக்கில் மட்டுமே வீண். நீளங்கள் பலவாறாக இருக்கும்போது சராசரியாக ஒரு கோப்புக்கு அரை பிளாக் வீணாகும் என்று எடுத்துக்கொள்ளலாம். பத்து லட்சம் கோப்புகளுக்கு 4096இல் சுமார் 1.9 ஜிபி, 64 கேபியில் சுமார் 30.5 ஜிபி. ஆனால் இந்த 'அரை பிளாக்' விதியைப் பிளாக்கைவிடச் சிறிய கோப்புகளுக்குப் பொருத்தாதீர்கள். 500 பைட் கோப்பு 4096இல் வீணாக்குவது அரை பிளாக்கை அல்ல, 3,596 பைட்டை.

இனி உங்கள் சொந்தக் கோப்புகள். லினக்ஸில் டியூ கட்டளையை இரண்டு முறை இயக்குங்கள். முதல் முறை வழக்கப்படி. அது ஒதுக்கப்பட்ட இடத்தைச் சொல்லும். இரண்டாம் முறை அப்பாரன்ட்-சைஸ் என்ற நீள விருப்பத்துடன். அது கோப்புகளின் நீளத்தைக் கூட்டிச் சொல்லும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே வீண். இரண்டு முறையும் ஒரே அலகைக் கேளுங்கள். ஒன்றைச் சுருக்க வடிவிலும் மற்றதை பைட்டிலும் கேட்டால் ஒப்பிடவே முடியாது. நீளத்தின் கூட்டல் ஒதுக்கப்பட்டதைவிட அதிகமாக வந்தால் அந்த அடைவில் துளையுள்ள கோப்புகள் இருக்கக்கூடும்; கோப்பு முறைமை தரவைச் சுருக்கிச் சேமித்தாலும் அப்படி வரும். துளைகளை எட்டாம் படியில் பார்க்கலாம்.

மொத்தம் மட்டும் போதாது, பரவலும் தெரிய வேண்டும். ஃபைண்ட் கட்டளையின் பிரின்ட்எஃப் விருப்பத்தில் எஸ் என்ற குறி ஒவ்வொரு கோப்பின் நீளத்தைத் தரும். பி என்ற குறி 512 பைட் அலகில் ஒதுக்கீட்டைத் தரும். அந்தப் பட்டியலை விரிதாளில் போட்டு, 1 கேபிக்குக் கீழ் எத்தனை, 4 கேபிக்குக் கீழ் எத்தனை, 1 எம்பிக்கு மேல் எத்தனை என்று பிரியுங்கள். ஒன்பதாம் படியில் எடுக்கும் முடிவு முழுக்க இந்தப் பிரிவினையைச் சார்ந்தது. சலிப்பான வேலைதான், ஆனாலும் இதைத் தவிர்த்தவர்கள் பிறகு மொத்தத் தரவையும் இடம்பெயர்க்கும் வேலையில் மாட்டிக்கொள்கிறார்கள்.

## 5. ஐநோட் கணக்கை மறக்காதீர்கள்

இடம் என்றால் பைட் மட்டுமல்ல. யூனிக்ஸ் வழிவந்த கோப்பு முறைமைகளில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் ஐநோட் வேண்டும். கோப்பின் நீளம், உரிமையாளர், அனுமதிகள், தரவு எந்த பிளாக்குகளில் இருக்கிறது என்ற விவரம் எல்லாம் அதில்தான் இருக்கும். கோப்பின் பெயர் மட்டும் அடைவில் இருக்கும்.

இஎக்ஸ்டி4 முறைமையில் மொத்த ஐநோட் எண்ணிக்கை ஃபார்மேட் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. வழக்கமான விகிதம் 16,384 பைட்டுக்கு ஓர் ஐநோட். 100 ஜிபி பகுதிக்கு இது 65,53,600 ஐநோட் ஆகும். ஒவ்வொன்றும் 256 பைட் என்பதால் அட்டவணை மட்டுமே 1600 எம்பி. ஒரு கோப்புகூட இல்லாத புதிய பகுதியின் மொத்த அளவு எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

சராசரிக் கோப்பு 16 கேபியைவிட மிகச் சிறியதாக இருந்தால், பைட் தீர்வதற்கு முன் ஐநோட் தீர்ந்துவிடும். மின்னஞ்சல் சேமிப்பு, இணையதளத் தற்காலிகக் கோப்புகள், நிரல் நூலகங்களின் அடைவுகள் இதற்குப் பெயர்போனவை. அப்போது வரும் பிழைச் செய்தியும் 'சாதனத்தில் இடம் மீதமில்லை' என்பதே. செய்தி ஒன்றாக இருப்பதால், வட்டில் பயன்பட்டதையும் மீதியையும் காட்டும் டிஎஃப் கட்டளையைப் பார்த்துவிட்டு 'பாதி காலியாகத்தானே இருக்கிறது' என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். அந்தச் செய்தி வந்தால் டிஎஃப் கட்டளையை இரண்டு முறை இயக்குங்கள்: ஒருமுறை வழக்கப்படி, ஒருமுறை சிறிய ஐ விருப்பத்துடன். இரண்டாவது பட்டியலில் 100 சதவீதம் என்றிருந்தால் தீர்ந்தது ஐநோட்.

ஐநோட் தீர்ந்த இடத்தில் ஒரு பெரிய கோப்பை அழித்துப் பயனில்லை. ஒரே ஓர் ஐநோட்தான் விடுபடும். லட்சக்கணக்கான சிறு கோப்புகள் குவிந்துள்ள அடைவைக் கண்டுபிடித்துக் குறைக்க வேண்டும். டியூ கட்டளைக்கு ஐநோட்ஸ் என்ற நீள விருப்பம் கொடுத்தால் எந்த அடைவில் குவிந்திருக்கிறது என்று காட்டிவிடும்.

எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் இரண்டும் ஐநோட்களைத் தேவைக்கேற்ப உருவாக்கிக்கொள்கின்றன. சிறு கோப்புகள் எத்தனை வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத இடத்தில் எக்ஸ்எஃப்எஸ் நிம்மதி தரும் என்பது என் கருத்து. பிடிஆர்எஃப்எஸ் பகுதியில் ஐநோட் பட்டியல் எல்லாம் பூஜ்யமாக வந்தால் அது பிழையல்ல. நிலையான எண்ணிக்கை அங்கே இல்லை.

## 6. காணாமல் போன சதவீதங்கள்

இரண்டு விஷயங்கள், இரண்டும் சுருக்கமானவை.

வட்டுப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் 1 டெராபைட் என்பது 1000இன் மடங்கு. 1024இன் மடங்கில் அதுவே சுமார் 931 ஜிபி. டிஎஃப் கட்டளையில் சிறிய எச் விருப்பம் 1024இன் மடங்கிலும், பெரிய எச் விருப்பம் 1000இன் மடங்கிலும் காட்டும். ஓர் எழுத்தில் ஏழு சதவீத வித்தியாசம் வந்துவிடும்.

இஎக்ஸ்டி4 வழக்கமாக 5 சதவீத பிளாக்குகளை நிர்வாகிக்கென ஒதுக்கிவைக்கிறது. சாதாரணப் பயனர்களும் நிரல்களும் வட்டை நிரப்பிவிட்டாலும் அமைப்புச் சேவைகள் மூச்சுவிட இடம் இருக்க வேண்டும் என்பதே நோக்கம். டிஎஃப் பட்டியலில் பயன்பட்டதையும் மீதியையும் கூட்டினால் மொத்தம் வராதது இதனால்தான். இயங்குதளம் இருக்கும் பகுதியில் இந்த ஒதுக்கீட்டைத் தொடாதீர்கள். வெறும் தரவு மட்டுமே உள்ள பெரிய பகுதியில் குறைக்கலாம். 4 டெராபைட் வட்டில் 5 சதவீதம் என்பது 1000இன் மடங்கில் 200 ஜிபி. டியூன்2எஃப்எஸ் கட்டளையில் சிறிய எம் விருப்பமும் 1 என்ற எண்ணும் கொடுத்தால் ஒரு சதவீதமாகிவிடும். ஃபார்மேட் தேவையில்லை.

## 7. டிஎஃப்பும் டியூவும் ஒத்துப்போகாதபோது

டிஎஃப் கோப்பு முறைமையின் மொத்தக் கணக்கைக் கேட்கிறது. டியூ ஒவ்வொரு பெயராக நடந்து கூட்டுகிறது. பெயரில்லாத எதையும் டியூ பார்க்காது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பெரும்பாலான முரண்களுக்கு விளக்கம் கிடைக்கும். கீழ்க்கண்ட வரிசையில் தேடுங்கள். அடிக்கடி நிகழ்வதை முதலில் வைத்திருக்கிறேன்.

டிஎஃப் அதிகமாகவும் டியூ குறைவாகவும் சொன்னால், அழித்த பிறகும் திறந்திருக்கும் கோப்பைத் தேடுங்கள். ஒரு நிரல் லாக் கோப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போது அதை அழித்தால் பெயர் மட்டுமே போகும். நிரல் அதை மூடும்வரை பிளாக்குகள் விடுபடா. எல்எஸ்ஓஎஃப் கட்டளைக்கு கூட்டல் குறியும் பெரிய எல்லும் 1உம் சேர்த்துக் கொடுத்தால் இப்படிப்பட்ட கோப்புகளும் அவற்றைப் பிடித்திருக்கும் நிரல்களும் வெளிவரும். அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்தால் இடம் உடனே திரும்பும். இனி வளரும் லாக் கோப்பை அழிப்பதற்குப் பதில் ட்ரங்கேட் கட்டளையால் நீளத்தைப் பூஜ்யமாக்குங்கள்.

அது இல்லையென்றால், மவுன்ட் செய்த (வட்டை ஓர் அடைவோடு இணைத்த) இடத்துக்கு அடியில் பாருங்கள். ஒரு வட்டு இணைக்கப்படாத நேரத்தில் பேக்கப் நிரல் ஓடியிருந்தால், அது எழுதியதெல்லாம் வெறும் அடைவுக்குள் போயிருக்கும். பிறகு வட்டை அந்த அடைவின்மேல் மவுன்ட் செய்ததும் பழைய கோப்புகள் மறைந்துவிடும். இடம் மட்டும் பிடித்திருக்கும். மூலப் பகுதியை பைண்ட் முறையில் வேறோர் இடத்தில் மவுன்ட் செய்து, அங்கே டியூ இயக்கினால் மறைந்தவை தெரியும்.

மூன்றாவது, அனுமதி. சாதாரணப் பயனராக டியூ இயக்கினால் நுழைய முடியாத அடைவுகளை அது விட்டுவிடும். பிழைச் செய்திகளைத் திசைதிருப்பி மறைத்திருந்தால் விட்டுப்போனதே தெரியாது. நிர்வாகியாக இயக்குங்கள், வேறு வட்டுகளுக்குள் போகாமலிருக்கச் சிறிய எக்ஸ் விருப்பத்தைச் சேருங்கள்.

தனி அடைவுகளின் டியூ எண்களைக் கூட்டினால் டிஎஃப்பைவிட அதிகமாக வருகிறதா? ஹார்டு லிங்க் இருக்கலாம். ஒரே ஐநோட்டுக்குப் பல பெயர்கள் இருந்தால் டியூ ஒரே ஓட்டத்தில் ஒருமுறைதான் எண்ணும். ஆனால் ஒவ்வோர் அடைவுக்கும் தனித்தனியாக ஓட்டினால் ஒவ்வொரு முறையும் எண்ணிவிடும். ஹார்டு லிங்க் கொண்டு தினமும் நகல் எடுக்கும் பேக்கப் அடைவுகளில் இது மிகப் பெரிய எண்ணாகத் தெரியும். எல்லா அடைவுகளையும் ஒரே கட்டளையில் கொடுங்கள்.

பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் போன்றவற்றில் ஸ்னாப்ஷாட்கள், அதாவது ஒரு நேரத்தின் நிலையை அப்படியே காத்துவைக்கும் பதிவுகள், பழைய பிளாக்குகளைப் பிடித்து வைத்திருக்கும். அங்கே கோப்பை அழித்தும் இடம் திரும்பாவிட்டால் அந்தந்த முறைமையின் சொந்தக் கட்டளையைத்தான் நம்ப வேண்டும். டிஎஃப் முழுக் கதையைச் சொல்லாது.

## 8. துளையுள்ள கோப்புகள்

ட்ரங்கேட் கட்டளையில் சிறிய எஸ் விருப்பத்துடன் 10 ஜிபி என்று கொடுத்து ஒரு புதிய கோப்பை உருவாக்குங்கள். நீளம் 10 ஜிபி. ஒதுக்கப்பட்ட பிளாக் பூஜ்யம். எழுதப்படாத பகுதியைப் படித்தால் கோப்பு முறைமை பூஜ்யங்களைத் தருகிறது, வட்டில் எதையும் வைப்பதில்லை. மெய்நிகர் கணினிகளின் வட்டுக் கோப்புகள் இப்படித்தான் தொடங்கும்.

நகலெடுக்கும்போதுதான் ஆபத்து. துளையை அறியாத கருவி, பூஜ்யங்களையெல்லாம் நிஜமாகவே எழுதிவிடும். 2 ஜிபி பிடித்த கோப்பு மறுமுனையில் 10 ஜிபி பிடிக்கும். ஆர்சின்க் கட்டளையில் பெரிய எஸ் விருப்பமும், டார் கட்டளையிலும் அதே பெரிய எஸ் விருப்பமும் துளைகளைக் காக்கும். ஏற்கெனவே நிரம்பிவிட்ட கோப்பில் பூஜ்யப் பகுதிகளைத் திரும்பத் துளையாக்க ஃபாலோகேட் கட்டளையின் சிறிய டி விருப்பம் உதவும்.

எதிர்த்திசையும் உண்டு. தரவுத்தளத்துக்கு இடம் உறுதியாக வேண்டுமென்றால் அதே ஃபாலோகேட் முன்கூட்டியே பிளாக்குகளை ஒதுக்கித் தரும். ட்ரங்கேட் தருவது வாக்குறுதி மட்டுமே. வட்டு நிரம்பிவிட்டால் அந்த வாக்குறுதி எழுதும் நேரத்தில் உடைந்துவிடும். இரண்டையும் மாற்றிப் பயன்படுத்துவது அடிக்கடி நடக்கும் தவறு.

## 9. பிளாக் அளவைத் தேர்ந்தெடுங்கள்

நேராகவே சொல்கிறேன்: பெரும்பாலோருக்கு 4096தான் விடை. நினைவகப் பக்கத்தின் அளவும் பெரும்பாலான கணினிகளில் அதுவே. வட்டின் உள் செக்டரும் அதுவே.

பெரிய கோப்புகள் நிறைய இருக்கின்றன, ஆகவே பெரிய பிளாக் வைத்தால் வேகம் கூடும் என்று பழைய குறிப்புகள் சொல்லும். இஎக்ஸ்டி4க்கு முந்தைய இஎக்ஸ்டி3 காலத்தில் அது நியாயமே. அங்கே ஒவ்வொரு பிளாக்குக்கும் தனிச் சுட்டி தேவை; 1 ஜிபி கோப்புக்கு 2,62,144 சுட்டிகள். இஎக்ஸ்டி4 தொடர்ச்சியான பகுதிகளை எக்ஸ்டென்ட் என்ற பதிவாக எழுதுகிறது. ஒரே பதிவு 32,768 பிளாக்குகளை, அதாவது 128 எம்பியைச் சுட்டும். இடம் தொடர்ச்சியாகக் கிடைத்தால் 1 ஜிபிக்கு எட்டுப் பதிவுகள் போதும். பிளாக்கைப் பெரிதாக்கிப் பெற வேண்டிய பலன் பெரும்பாலும் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

எப்போது மாற்றலாம்? 64 கேபி கிளஸ்டரை எஸ்க்யூஎல் சர்வர் தரவுப் பகுதிகளுக்கு என்டிஎஃப்எஸ்ஸில் பரிந்துரைப்பது வழக்கம். அந்தத் தரவுத்தளம் 8 கேபி பக்கங்களை எட்டெட்டாக, 64 கேபித் தொகுதியாக ஒதுக்குவதே காரணம். ஆனால் 4 கேபிக்கு மேற்பட்ட கிளஸ்டரில் என்டிஎஃப்எஸ்ஸின் சுருக்கும் வசதி வேலை செய்யாது என்பதை நினைவில் வையுங்கள். காணொளி மட்டுமே வைக்கும் வெளி வட்டில் எக்ஸ்ஃபேட்டின் 128 கேபி சிக்கலில்லை. 1024 பிளாக்கை மிகச் சிறிய பகுதிகளில் மட்டும் யோசியுங்கள். 512 எம்பிக்குக் குறைந்த பகுதிகளுக்கு இஎக்ஸ்டி4 கருவி பெரும்பாலும் தானாகவே 1024ஐத் தேர்ந்துவிடுகிறது. பின்னால் அந்தப் பகுதியை விரிவாக்கினாலும் பிளாக் 1024ஆகவே நிற்கும், அதனால் சிறிதாகத் தொடங்கிப் பெரிதாக வளரப்போகும் பகுதிக்கு 4096 என்று வெளிப்படையாகக் கேளுங்கள்.

எக்ஸ்86 கணினிகளில் லினக்ஸ் நெடுங்காலம் நினைவகப் பக்கத்தைவிடப் பெரிய பிளாக்கை மவுன்ட் செய்ய அனுமதிக்கவில்லை. எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு அந்தத் தடை லினக்ஸின் மைய நிரலான கெர்னலின் 6.12ஆம் பதிப்பில்தான் நீங்கியது. 64 கேபி பக்கமுள்ள வேறு வகைக் கணினியில் பெரிய பிளாக்கோடு ஃபார்மேட் செய்த வட்டை எடுத்துவந்து பழைய கெர்னலில் மாட்டினால் திறக்காது. வட்டு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி மறுபடி ஃபார்மேட் செய்துவிடாதீர்கள்.

## 10. ஃபார்மேட் செய்து சரிபாருங்கள்

முதலில் பகுதி எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். இன்றைய கருவிகள் 1 எம்பியில், அதாவது 512 பைட் கணக்கில் 2048ஆம் செக்டரில் தொடங்கும், அது சரி. பழைய கருவிகள் 63ஆம் செக்டரில் தொடங்கின. அப்படியிருந்தால் ஒவ்வொரு 4096 பைட் பிளாக்கும் இரண்டு இயற்பியல் செக்டர்களின் மேல் குந்தியிருக்கும். ஒரு பிளாக்கை எழுத வட்டு இரண்டு செக்டர்களையும் படித்துத் திருத்தி எழுத வேண்டிவரும். பிளாக் அளவு எவ்வளவு சரியாக இருந்தாலும் இந்தத் தாமதம் போகாது.

அடுத்து ஒத்திகை. எம்கேஎஃப்எஸ்.இஎக்ஸ்டி4 கட்டளைக்குச் சிறிய என் விருப்பம் கொடுத்தால் எதையும் எழுதாமல், என்ன செய்யப்போகிறது என்று மட்டும் சொல்லும். சிறிய பி பிளாக் அளவு, சிறிய ஐ எத்தனை பைட்டுக்கு ஓர் ஐநோட் என்ற விகிதம், சிறிய எம் ஒதுக்கீட்டுச் சதவீதம். ஒத்திகையில் வரும் ஐநோட் எண்ணிக்கையை நான்காம் படியில் எடுத்த கோப்பு எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். எதிர்பார்க்கும் வளர்ச்சிக்கு இரண்டு மடங்காவது இருக்கட்டும். விகிதத்தை 4096 ஆக்கினால் 100 ஜிபிக்கு அட்டவணை 6400 எம்பி ஆகும் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு குறைக்கவும் வேண்டாம். வேறு வகைக் கோப்பு முறைமையின் கருவியில் இதே எழுத்துகள் வேறு பொருள் தரும். அதன் உதவிப் பக்கத்தைப் பாருங்கள்.

சாதனத்தின் பெயரை எல்எஸ்பிஎல்கே பட்டியலில் அளவோடும் வரிசை எண்ணோடும் ஒப்பிட்டுவிட்டு, ஒத்திகை விருப்பத்தை நீக்கி இயக்குங்கள். மறுதொடக்கத்துக்குப் பின் வட்டுகளின் பெயர் மாறியிருக்கலாம், அதனால் நேற்று எழுதிவைத்த பெயரை நம்பாதீர்கள்.

முடிந்ததும் மவுன்ட் செய்து, இரண்டாம் படியின் ஒரு பைட் சோதனையைப் புதிய பகுதியில் மறுபடி செய்யுங்கள். 4096 கேட்டிருந்தால் எட்டு வர வேண்டும். பிறகு பேக்கப்பிலிருந்து ஓர் அடைவை மட்டும் நகலெடுத்து, டியூவின் இரண்டு எண்களையும் எடுத்து உங்கள் முன்கணக்கோடு பாருங்கள். பொருந்தினால் மீதியை நகலெடுக்கலாம். பொருந்தாவிட்டால் நகலெடுத்த அந்த அடைவை அழித்துவிட்டு ஒன்பதாம் படிக்குத் திரும்பலாம்.